ஒரு காலில் ஷூ, ஒரு காலில் பூட்ஸ்

நான் முதலில் பார்த்தது சில நிமிடங்களே ஓடும் ஒரு துண்டுக் காட்சி. நண்பர் ஒருவர் கைப்பேசிக்கு அனுப்பியிருந்தார். "பாரு, அழுதுடுவ" என்று மட்டும் எழுதியிருந்தார். மதுக்கடை ஒன்றின் சரக்கறை. நரைத்த தலை, பருத்த உடம்பு, ஐம்பதைத் தாண்டிய ஓர் ஆள் போதையில் தன் அப்பாவைப் பற்றிப் பேசுகிறார். பக்கத்தில் மீசை வைத்த இளைஞன் ஒருவன் கேட்டுக்கொண்டிருக்கிறான். பேச்சு முடிந்தபோது நிஜமாகவே எனக்குத் தொண்டை அடைத்தது. அந்த ஆள் யாரென்றே தெரியாமல் அவருக்காக வருத்தப்பட்டேன்.

யாரென்று பிறகு தேடித் தெரிந்துகொண்டேன். ஆர்ச்சி பங்கர். அமெரிக்கத் தொலைக்காட்சி உருவாக்கிய கதாபாத்திரங்களிலேயே ஆகப் புகழ்பெற்ற இனவெறியர். கறுப்பர்கள், யூதர்கள், போர்ட்டோ ரிக்கோக்காரர்கள், ஒருபாலீர்ப்பாளர்கள், பெண்கள் என்று யாரையும் விட்டுவைக்காதவர். இப்படிப்பட்டவருக்காகவா தொண்டை அடைத்தது என்று சங்கடமாக இருந்தது. அந்தச் சங்கடம் எனக்கு மட்டும் வந்ததில்லை, ஒரு தேசமே ஏழெட்டு ஆண்டுகள் அதைப் பற்றிச் சண்டை போட்டிருக்கிறது என்பது தொடரைத் தேடிப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது.

தொடரின் பெயர் 'ஆல் இன் தி ஃபேமிலி'. 1971ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் தேதி சி.பி.எஸ். தொலைக்காட்சியில் தொடங்கியது. நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் ஒரு சிறிய வீடு. குடும்பத் தலைவர் ஆர்ச்சி, கிடங்கு ஒன்றில் வேலை பார்ப்பவர். மனைவி ஈடித், மகள் குளோரியா, மருமகன் மைக். மைக் கல்லூரியில் படித்துக்கொண்டு மாமனார் வீட்டிலேயே தங்கியிருப்பவன், இடதுசாரி, வியட்நாம் போருக்கு எதிரானவன். ஆர்ச்சி அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே அபூர்வம். 'மீட்ஹெட்' என்பார். நம்மூரில் 'களிமண் மண்டை' என்று சொல்வோமே, ஏறத்தாழ அதுதான். இருவரும் கத்திக்கொள்வதுதான் தொடர். கத்தலுக்கு நடுவே சிரிப்பு.

மூலம் பிரிட்டிஷ் தொடர். 1960களில் பி.பி.சி.யில் ஜானி ஸ்பெய்ட் எழுதிய 'டில் டெத் அஸ் டூ பார்ட்'. அதில் வரும் ஆல்ஃப் கார்னெட் கிழக்கு லண்டன் தொழிலாளி, வாயைத் திறந்தால் வசை. ஸ்பெய்ட் அவனைக் கேலி செய்யத்தான் எழுதினார். ஆனால் "நம்ம மனசுல இருக்கிறத அப்படியே பேசுறாரு" என்று ஆல்ஃபைக் கொண்டாடியவர்களும் அங்கே நிறைய இருந்தார்கள். இந்தச் சிக்கலும் தொடரோடு சேர்ந்தே அட்லாண்டிக்கைக் கடந்தது. அமெரிக்காவில் தொடரை எடுத்தவர் நார்மன் லியர். ஏ.பி.சி. நிறுவனத்துக்கு இரண்டு முறை முன்னோட்டம் எடுத்துக் கொடுத்தார். அவர்கள் பயந்துபோய்க் கைவிட்டார்கள். சி.பி.எஸ். எடுத்துக்கொண்டது. அவர்களுக்கும் பயம்தான். முதல் நாள் தொடருக்கு முன்னால் ஓர் அறிவிப்பு போட்டார்கள்: நம் பலவீனங்களையும் தப்பெண்ணங்களையும் சிரிப்புக்குள்ளாக்கி அவை எவ்வளவு அபத்தம் என்று காட்டுவதே நோக்கம் என்பது அதன் சாரம். கோபத்தில் தொலைபேசி அழைப்புகள் குவியும் என்று எதிர்பார்த்துக் கூடுதல் ஆட்களையும் உட்கார வைத்தார்கள். பெரிதாக ஒன்றும் வரவில்லை. ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து அமெரிக்காவின் முதலிடத் தொடராக அது இருந்தது.

அறிவிப்பில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது, கவனியுங்கள். தன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தால் மனிதன் வெட்கப்படுவான் என்ற நம்பிக்கை. ஆனால் 1972 அதிபர் தேர்தல் சமயத்தில் 'ஆர்ச்சி பங்கரை அதிபராக்குங்கள்' என்ற வாசகத்தோடு பேட்ஜுகளும் ஸ்டிக்கர்களும் விற்றன. விளையாட்டாகத்தான் வாங்கினார்கள் என்று சொல்லலாம். எல்லோருமே விளையாட்டாகத்தான் வாங்கினார்களா?

லாரா ஹாப்சன் இந்தக் கேள்வியை எல்லோருக்கும் முன்பே எழுப்பிவிட்டார். யூத வெறுப்பைப் பற்றி 1947இல் 'ஜென்டில்மன்ஸ் அக்ரிமென்ட்' என்ற நாவலை எழுதியவர் அவர். 1971 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். தொடர் வெறுப்பைக் காட்டுகிறது என்பது அவர் குற்றச்சாட்டு இல்லை. வெறுப்பைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, செல்லமாக்கிக் காட்டுகிறது என்பதுதான். ஆர்ச்சி இரண்டாம் தர வசைகளை மட்டுமே சொல்கிறான், இப்படிப்பட்ட ஆள் நிஜத்தில் சொல்லும் மிக மோசமான சொற்கள் அவன் வாயில் வருவதே இல்லை என்பதை அவர் சுட்டிக்காட்டினார். அந்தச் சொற்கள் வந்தால் யாராலும் சிரிக்க முடியாது, சிரிக்க வேண்டும் என்பதற்காகவே அவற்றை விலக்கிவைத்திருக்கிறார்கள் என்பது அவர் வாதம். லியர் பதில் எழுதினார். ஆர்ச்சியைப் போன்றவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள், அவர்களிடம் நாம் அன்பும் வைத்திருக்கிறோம் என்பது அவர் தரப்பு. இருவர் சொன்னதும் உண்மைதான் என்று எனக்குப் படுகிறது. அதுதான் பிரச்சினையே.

1974இல் நீல் விட்மார், மில்டன் ரோக்கீச் என்ற இரு உளவியலாளர்கள் பார்வையாளர்களிடமே கேட்டுப் பார்த்தார்கள். அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு சிற்றூரின் பள்ளி மாணவர்கள், கனடாவின் லண்டன் நகரப் பெரியவர்கள் என இரு தரப்பு. யார் யாருக்கு எவ்வளவு இனத் தப்பெண்ணம் உண்டு என்று அளந்துகொண்டு, தொடரைப் பற்றிய கேள்விகளையும் கேட்டார்கள். தப்பெண்ணம் குறைந்தவர், மிகுந்தவர் இரு சாராருக்குமே தொடர் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் தப்பெண்ணம் மிகுந்தவர்கள் மைக்கைவிட ஆர்ச்சியையே அதிகம் மெச்சினார்கள். கடைசியில் ஜெயிப்பது யார் என்றால் ஆர்ச்சி என்றார்கள். ஒரே காட்சி, ஒரே வசனம், ஒரே சிரிப்பொலி. ஒருவர் அவனைப் பார்த்துச் சிரிக்கிறார், இன்னொருவர் அவனோடு சேர்ந்து சிரிக்கிறார். சிரிப்பை வெளியிலிருந்து கேட்பவருக்கு எது எதுவென்று பிரித்துச் சொல்ல முடியாது.

இத்தனையும் தெரிந்துகொண்ட பிறகுதான் அந்தத் துண்டுக் காட்சி வரும் அத்தியாயத்தை முழுசாகப் பார்த்தேன். தலைப்பு 'டூஸ் எ க்ரவுட்'. 1978 பிப்ரவரி 12இல் ஒளிபரப்பானது, எட்டாவது பருவம். அதற்குள் ஆர்ச்சி தான் வழக்கமாகக் குடிக்கும் மதுக்கடையையே வாங்கிவிட்டிருக்கிறார். மைக் பேராசிரியர், தனி வீடு, குழந்தை. ஒரு குளிர்கால இரவில் மாமனாரும் மருமகனும் கடையின் சரக்கறைக்குள் தவறுதலாக மாட்டிக்கொள்கிறார்கள். கதவு திறக்கவில்லை. குளிர். கையில் இருப்பது மதுதான். குடிக்கிறார்கள்.

ஆட்களைப் பூட்டிவைத்துப் பேசவைப்பது நகைச்சுவைத் தொடர்களின் பழைய உத்தி. இதே தொடரில் 1972இல் ஆர்ச்சி லிஃப்டில் மாட்டிக்கொள்வார். கூடவே ஒரு போர்ட்டோ ரிக்கோ தம்பதி. அங்கேயே பிரசவம் நடக்கும். குழந்தை அழும் சத்தத்தில் ஆர்ச்சியின் முகம் இளகும். அழகான காட்சிதான். ஆனால் குழந்தை அழுதால் யார் முகம்தான் இளகாது? அது எழுத்தாளர்களுக்குச் சுலபமான வழி. சரக்கறையில் அப்படிக் குழந்தை ஏதும் இல்லை.

பாதி அத்தியாயம் வரை வழக்கமான கூத்துதான். நானும் சிரித்தேன். பிறகு பேச்சு ஆர்ச்சியின் பள்ளி நாட்களுக்குப் போகிறது. பெரும் பொருளாதார மந்தக் காலம். அப்பாவுக்கு வேலை போய்விட்டது. வீட்டில் காசில்லை. ஒரு ஜோடி ஷூ முழுசாக இல்லாததால் ஒரு காலில் ஷூவும் மறு காலில் பூட்ஸும் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிறான் சிறுவன் ஆர்ச்சி. பிள்ளைகள் 'ஷூ-பூட்டி' என்று பட்டப்பெயர் வைக்கிறார்கள். அவமானம் என்றால் என்ன என்று அவன் தெரிந்துகொண்ட இடம் அது. எட்டு ஆண்டுகளாக மற்றவர்களுக்குப் பட்டப்பெயர் வைத்துக்கொண்டிருந்த மனிதருக்கும் சின்ன வயதில் ஒரு பட்டப்பெயர் இருந்திருக்கிறது.

இந்த இரண்டையும் ஆர்ச்சி சேர்த்துப் பார்ப்பதே இல்லை. நமக்குத்தான் தெரிகிறது.

பள்ளியில் தன்னை ஒரு கறுப்பினப் பையன் அடித்த கதையையும் சொல்கிறார். ஏன் அடித்தான் என்று மைக் கேட்கிறான். அவனை அந்தச் சொல்லால் கூப்பிட்டேன் என்கிறார் ஆர்ச்சி. வெகு சாதாரணமாகச் சொல்கிறார். எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், அப்பாவும் அப்படித்தான் சொல்வார், வேறு எப்படிக் கூப்பிடுவதாம்? ஹாப்சன் 1971இல் இந்தத் தொடரில் இல்லவே இல்லை என்று சொன்ன சொற்களில் அதுவும் ஒன்று. கடைசியில் அது வந்துவிட்டது. வரும்போது வசையாக வரவில்லை, ஒரு சிறுவனின் சொல்லகராதியில் அப்பா எழுதிவைத்த பெயராக வருகிறது.

இங்கே நான் வீடியோவை நிறுத்திவிட்டேன். எங்கள் வீட்டில் தாத்தா குறிப்பிட்ட ஒரு மக்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரே ஒரு சொல்லைத்தான் பயன்படுத்துவார். அது வசை என்று எனக்குத் தெரியவந்தபோது நான் படிவம் இரண்டிலோ மூன்றிலோ படித்துக்கொண்டிருந்தேன். அதுவரைக்கும் எனக்கு அது வெறும் பெயர்ச்சொல். நாற்காலி, மேசை மாதிரி. தாத்தா என்னைத் தூக்கி வளர்த்தவர். அவரிடம் கடைசி வரை நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

மைக் கேட்கிறான். உங்கள் அப்பா சொன்னது தப்பாக இருக்கலாம் என்று எப்போதாவது தோன்றியிருக்கிறதா என்கிறான். ஆர்ச்சிக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. எங்கப்பாவா, தப்பா? மைக் விடாமல், உங்கள் அப்பா தவறு செய்திருக்கிறார் என்று நேரடியாகவே சொல்லிவிடுகிறான். அப்போதுதான் அந்தப் பேச்சு வருகிறது. துண்டுக் காட்சிகளில் எல்லோரும் பகிர்ந்துகொள்வது அதைத்தான். வீட்டுக்குச் சோறு போட உடம்பு நோக உழைத்தவரையா தப்பு என்கிறாய்? பந்து பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர், பூங்காவுக்குக் கைபிடித்து அழைத்துப் போனவர். அதே கையால் அடித்தவர், ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதற்காக அடித்தவர். ஏழு மணி நேரம் அலமாரி அறைக்குள் போட்டுப் பூட்டினார், நான் நல்லவனாக வளர வேண்டுமென்று, என் மேல் பாசம் இருந்ததால். உன்மேல் பாசம் வைத்திருக்கும் ஒருவர் உனக்குத் தப்பானதைச் சொல்லிக்கொடுப்பாரா?

கரோல் ஓ'கானர் இந்த இடத்தில் குரலை உயர்த்துவதே இல்லை. ஏழு மணி நேரம் என்று சொல்லும்போது அவர் முகத்தில் புகார் இல்லை, ஒருவிதப் பெருமைகூட இருக்கிறது. பூட்டிய அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, பூட்டிய அறை ஒன்றைப் பற்றிச் சொல்கிறோம் என்பதும் அவருக்குத் தெரியவில்லை. ராப் ரெய்னர் மைக்காக நடிக்கிறார். அவருக்கு அந்த நிமிடத்தில் வசனமே இல்லை, பார்த்துக்கொண்டிருப்பது மட்டும்தான். எட்டு ஆண்டுகளாக மாமனாரின் ஒவ்வொரு வரிக்கும் எதிர்வரி வைத்திருந்தவனிடம் இதற்குப் பதில் இல்லை.

இந்த அத்தியாயத்தை ஆர்ச்சி தன்னை உணரும் அத்தியாயம் என்று பாராட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆர்ச்சி எதையும் உணர்வதில்லை. தன்னைப் பற்றிய எல்லா உண்மைகளையும் தன் வாயாலேயே சொல்லிவிட்டு, ஒன்றைக்கூடக் காதில் வாங்காமல் இருந்துவிடுகிறார். சாட்சியும் அவரே, வாக்குமூலமும் அவருடையதே. தீர்ப்பு மட்டும் தலைகீழாக வருகிறது. அப்பா தவறு என்று ஒத்துக்கொண்டால் அந்த ஏழு மணி நேரம் வெறும் கொடுமையாகிவிடும். அது பாசமாகவே இருக்க வேண்டுமென்றால் அப்பா சொன்ன அனைத்தும் சரியாக இருந்தாக வேண்டும், அந்த வசைச்சொல் உட்பட. ஒரு பிள்ளை தன் அப்பாவைக் காப்பாற்றிக்கொள்ள எத்தனை பேரைக் காவு கொடுக்கிறது!

இங்கே உணர்கிறவன் மைக்தான். இத்தனை நாள் கருத்தோடு சண்டை போடுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தவன், அடித்துப் பூட்டப்பட்ட ஒரு பையனோடு சண்டை போட்டிருக்கிறோம் என்று கண்டுகொள்கிறான். கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்திருக்கும் அவனுக்கு. படித்தவன், சரியானவன் என்ற மிதப்பில் அவனும் எட்டு ஆண்டுகளில் ஒருமுறையாவது இதைக் கேட்டதில்லையே.

ஹாப்சன் இதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்திருக்கிறேன். "செல்லமாக்கியதும் போதாதென்று இப்போது பரிதாபத்துக்குரியவனாகவும் ஆக்கிவிட்டீர்களா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எனக்கு முதலில் வந்த துண்டுக் காட்சி செய்தது அதைத்தான். முன்னும் பின்னும் வெட்டிவிட்டால் மிஞ்சுவது ஒரு பாவப்பட்ட பிள்ளை. அவன் வளர்ந்து எட்டு ஆண்டுகள் என்னென்ன பேசினான் என்பது காணாமல் போய்விடுகிறது. அந்தப் பள்ளிக்கூடச் சண்டையில் இன்னொரு பிள்ளையும் இருந்தான் என்பதும் காணாமல் போய்விடுகிறது. அந்தக் கறுப்பினப் பையன் வீட்டுக்குப் போய்த் தன் அப்பாவிடம் என்ன சொன்னான்? அந்தக் கதையை இந்த அத்தியாயம் சொல்வதில்லை. இரண்டே பேர் இருக்கும் அறையில் அதைச் சொல்ல ஆள் இல்லை. இதை ஒரு குறையாகவே பார்க்கிறேன். ஆனாலும் விட்மாரும் ரோக்கீச்சும் கேட்ட அந்தக் கேள்வியை, அதாவது யார் ஜெயித்தது என்பதை, இந்தக் காட்சியை வைத்துக் கேட்டால் இரு தரப்பாலும் சட்டென்று பதில் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன்.

நார்மன் லியர் 2023 டிசம்பரில் 101 வயதில் இறந்தார். 2014இல் வெளியான தன் நினைவுக் குறிப்புகளில் அப்பா ஹெர்மனைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். மனைவியை வாயை மூடச் சொல்லி அதட்டுபவர், வாய்ச்சவடால்காரர். ஆர்ச்சியின் பல வசனங்கள் அவருடையவைதான். லியருக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, 1931இல், போலிப் பத்திரங்களை விற்க முயன்றதற்காக ஹெர்மன் கைதானார். சிறைக்குப் போனார். வீட்டுச் சாமான்களை அம்மா விற்கிறாள். அப்பா உட்கார்ந்து ரேடியோ கேட்கும் சிவப்புத் தோல் நாற்காலியும் விலைபோகிறது. அந்த நேரத்தில் யாரோ ஒரு பெரியவர் சிறுவனின் தோளில் கைவைத்து, இனிமேல் நீதான் இந்த வீட்டு ஆம்பளை என்றாராம். இதை லியர் வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். அப்பாவைப் பொய்யர், மோசடிக்காரர் என்று தெரிந்தே நேசித்ததாகவும் சொல்லியிருக்கிறார்.

ஆர்ச்சி அவருடைய அப்பா என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். அவரே அப்படித்தான் சொல்வார். சரக்கறையில் பேசும் ஆர்ச்சியிடம் எனக்கு அப்பா தெரியவில்லை. நாற்காலி விலைபோவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பையன்தான் தெரிகிறான்.

சரக்கறை அத்தியாயம் வந்து ஐந்து வாரங்களில் மைக்கும் குளோரியாவும் கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்கிறார்கள். வாசலில் நின்று மைக் மாமனாரைக் கட்டிப்பிடித்து, நான் உங்களை வெறுப்பதாகவே நினைத்திருப்பீர்கள், எனக்கு உங்கள் மேல் பாசம்தான் என்கிறான். ஆர்ச்சிக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அதே 1978இல், ஆர்ச்சியும் ஈடித்தும் உட்காரும் இரண்டு நாற்காலிகளை வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். பழைய சாமான் கடையில் சில டாலர்களுக்கு வாங்கிய நாற்காலிகள். தொடர் நிற்காமல் இன்னொரு பருவம் ஓடியதால், அவற்றைப் போலவே அச்சு அசலாக வேறு இரண்டைப் பல ஆயிரம் டாலர் செலவழித்துச் செய்ய வேண்டியதாயிற்று. அசல் நாற்காலிகள் கண்ணாடிக்குப் பின்னால் போய்விட்டன. அவற்றில் யாரும் உட்கார முடியாது.

நண்பருக்கு முழு அத்தியாயத்தையும் அனுப்பிவைத்தேன். இரண்டு நாள் கழித்து ஒரு வரி வந்தது. "எங்கப்பாவோட உக்காந்து பாத்தேன். அவரு கடைசி வரைக்கும் சிரிச்சாரு."